பேஸ் கிட்டார்: எதை வாங்குவது, எதைச் சரிசெய்வது, எதைக் கடைசியில் மாற்றுவது

பேஸ் கிட்டார் வாங்கிய சில மாதங்களிலேயே பலர் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தப் பாகம்) மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். சத்தம் மந்தமாக இருக்கிறது, வாசிக்கும் ஸ்வரம் தெளிவாகக் கேட்கவில்லை என்பதுதான் குறை. ஆனால் கோளாறு பிக்கப்பில் இருப்பது குறைவு. பெரும்பாலும் காரணம் தேய்ந்துபோன தந்தி, அளவு தப்பிய கழுத்து, மிக்ஸரில் தவறான துளையில் செருகிய கேபிள் ஆகியவற்றில் ஒன்றுதான். ஆகவே பணம் போகவேண்டிய வரிசை இது: முதலில் நல்ல கழுத்துள்ள கருவி, பிறகு செட்டப் (கருவியின் அளவுகளைச் சரிசெய்வது), பிறகு தந்தி, அடுத்து கருவியிலிருந்து ஸ்பீக்கர் வரை சிக்னல் போகும் பாதை. பிக்கப்பும் உள்வயரிங்கும் கடைசி.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), நான்கு தந்தி (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி), திருகாணியால் உடலோடு பொருத்திய கழுத்து உள்ள கருவிகளுக்கானவை. கடைகளில் தொங்கும் பேஸ்களில் பெரும்பகுதி இந்த வகைதான். அவற்றின் வடிவம் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் இரண்டு கருவிகளிலிருந்து வந்தது: 1951-இல் வந்த பிரெசிஷன் பேஸ், 1960-இல் வந்த ஜாஸ் பேஸ். வாசிப்பவர்கள் வழக்கில் பி (P), ஜே (J).

பி-யா, ஜே-யா

பி வகையில் ஒரே பிக்கப், அதுவும் இரண்டு துண்டாகப் பிரிந்தது. 1957-இல் வந்த இந்த அமைப்பில் இரண்டு துண்டுகளும் ஒன்றின் ஹம்மை (மின்சார இரைச்சலை) மற்றொன்று அழித்துவிடும். ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக்கட்டை) அகலம் 41 முதல் 44 மி.மீ. வரை. டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே அடித்தளமாக உட்கார இதைவிட எளிய கருவி இல்லை.

ஜே வகையில் நட் அகலம் 38 மி.மீ., கழுத்து மெலிந்தது. தனித்தனி வால்யூமுடன் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச்சுருள்) பிக்கப்புகள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஹம் அழியும். ஒன்றை மட்டும் திறந்தால் ஹம் வரும். அது பழுதில்லை, அமைப்பின் இயல்பு. பிரிட்ஜ் (உடலில் தந்திகள் கட்டப்படும் இடம்) பக்கப் பிக்கப்பின் நடு அலைவரிசைதான் ஜே-யின் பலம். இளையராஜா பாடல்களில் வருவதுபோல ஒரே சுரத்தில் நிற்காமல் தனி மெட்டாக மேலும் கீழும் ஓடும் பேஸ் வரிகளை வாசிக்க ஆசைப்படுபவர்கள் ஜே-யை எடுப்பது நல்லது. ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து கேட்கும்.

கை சிறியது என்றால் 30 அங்குல ஸ்கேல் கருவியை வெட்கமில்லாமல் வாங்குங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் உலகம் பார்த்த ஹோஃப்னர் 500/1 அந்த அளவுதான். அதற்கென்று விற்கும் குறுந்தந்தி செட்டையே போடவேண்டும். நீளத் தந்தியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதி ட்யூனிங் பெக்கில் சுற்றிக்கொள்ளும். சில தந்திகள் அங்கேயே அவிழும்.

ஐந்து தந்தி வேண்டுமா என்பது எங்கே வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லைட் மியூசிக் கச்சேரியில் பாடகர் எந்தச் சுருதியும் கேட்பார். டி, ஈ ஃப்ளாட்டில் பாட்டு வந்தால் நான்கு தந்தியில் கீழ் ஸ்வரம் இருக்காது. ஐந்தாவது தந்தி 30.9 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஆனால் மலிவான ஐந்து தந்திக் கருவிகளில் அந்த பி (B) தந்தி தளர்ந்து, எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் உறுமுவதுண்டு. குறைந்த பட்ஜெட்டில் நல்ல நான்கு தந்திக் கருவி வாங்கி, ஈ தந்தியை ஒரு நெம்புகோலால் டி-க்கு இறக்கும் ஹிப்ஷாட் பெக் ஒன்றைப் பிறகு பொருத்திக்கொள்வது மேல்.

பழைய கருவியைக் கையில் எடுத்ததும்

உடலின் கீறல், பெயிண்ட் உதிர்வு எதுவும் முக்கியமில்லை. கழுத்துதான் கருவியின் விலை. ஹெட்ஸ்டாக்கிலிருந்து (கழுத்தின் தலைப்பகுதி) ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் இரு விளிம்புகளையும் பாருங்கள். லேசான ஒரே சீரான குழிவு சரிசெய்யக்கூடியது. ஒரு விளிம்பு ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ட்ரஸ் ராட், அதாவது கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பி. விற்பவரின் சம்மதத்தோடு அதன் நட்டை (ராடைத் திருப்பும் முனை; தந்தி உட்காரும் நட் அல்ல) மிகக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். சீராகத் திரும்பவேண்டும். முழுக்க இறுகிப் போயும் கழுத்து இன்னும் குழிந்திருந்தால் அந்த ராடில் மிச்சம் எதுவும் இல்லை என்று பொருள். பழைய வடிவக் கழுத்துகளில் இந்த நட் உடலோடு சேரும் முனையில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கழற்றித்தான் திருப்பவேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிறகு நான்கு தந்திகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வாசியுங்கள். ஜி தந்தியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். ஃபெண்டர் வகைக் கழுத்துகளில் இது சகஜம். விலை உயர்ந்தவற்றிலும் உண்டு. அந்த அதிர்வைக் கழுத்தே உறிஞ்சிவிடுவதுதான் காரணம். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்ப் மாட்டி எடை கூட்டினால் அந்த இடம் கொஞ்சம் நகரும், முழுதாகப் போகாது.

ஈ, ஜி தந்திகள் கழுத்தின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா? ஜி தந்தி விளிம்பில் நழுவினால் பயப்படவேண்டாம். தந்தியைத் தளர்த்தி, கழுத்துத் திருகாணிகள் நான்கையும் அரைச் சுற்று தளர்த்தி, கழுத்தை மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். வால்யூம், டோன் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், அதனடியிலுள்ள பாட் (pot) என்ற பாகத்துக்கு மின்தொடர்புகளுக்கான கான்டாக்ட் கிளீனர் போதும். கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி நின்று கையை விடுங்கள். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாய்ந்தால் அது ஒவ்வொரு கச்சேரியிலும் இடது தோளை வாட்டும். உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் ஓரளவு பிடித்து நிறுத்தும். 4.5 கிலோவுக்கு மேலான கருவியை மூன்று மணி நேரம் தூக்கத் தோள் இருக்கிறதா என்றும் யோசியுங்கள்.

செட்டப்: வரிசை மாறக்கூடாது

புதுத் தந்தி, கழுத்தின் குழிவு, தந்தி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம். இந்த வரிசையில் ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றிவிடும். ஆகவே நடுவிலிருந்து தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும். தேவையான கருவிகள்: ட்யூனர், மில்லிமீட்டர் குறித்த எஃகு ஸ்கேல், ஆலன் கீ செட், கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பைக் மெக்கானிக் டேப்பெட் சரிபார்க்கும் ஃபீலர் கேஜ். கடைசியானது ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே கிடைக்கும்.

தந்தி போடும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, வளைக்கும் முன்பே வெட்டுவது. பெக்கைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் 90 பாகை மடக்கி, மடக்கிற்கு அப்பால் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, புதுத் தந்தியே செத்த ஒலி தரும். இரண்டாவது, ஏ தந்திக்குக் குறைந்த சுற்று விடுவது. டி, ஜி தந்திகளை ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறு கொக்கி அழுத்திப் பிடிக்கும். ஏ தந்திக்கு அது இல்லை. மூன்று சுற்றுகளாவது பெக்கின் அடிவரை இறங்கினால்தான் தந்தி தாங்கும் நட்டில் அழுத்தமாக உட்காரும். இல்லையேல் வெறும் ஏ தந்தி சிதார்போல் ஙொய்யென்று ஒலிக்கும். சுருதி சேர்த்தபின் சேடிலுக்கு (பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சிறு துண்டு) முன்னும் நட்டுக்கு முன்னும் ஒவ்வொரு தந்தியையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். தந்தி அங்கே வளைந்து கிடந்தால் இன்டொனேஷன் எவ்வளவு திருப்பினாலும் நிற்காது.

குழிவு அளக்க, சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ. கடைசி ஃப்ரெட்டில் ஈ தந்தியை அழுத்திக்கொண்டு 8-ஆம் ஃப்ரெட்டின் மேல்புறத்துக்கும் தந்திக்கும் இடையே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.30 மி.மீ. நல்ல தொடக்கம். விரல்பலகை அதிகம் வளைந்த பழைய வடிவக் கழுத்துக்கு 0.35, தட்டையானதற்கு 0.25. இடைவெளி அதிகம் என்றால் ட்ரஸ் ராட் நட்டை நேராகப் பார்த்தபடி வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குங்கள். குறைவென்றால் இடஞ்சுழி. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அளக்கவேண்டும். ஆலன் கீகளில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலந்து புழங்குகின்றன. ஆடுகிற கீயைத் திருப்பினால் நட்டின் உட்புறம் மழுங்கிவிடும். அதைச் சரிசெய்யும் செலவு கருவியின் விலையை நெருங்கலாம். நட் அடம்பிடித்தால் நிறுத்திவிட்டு, கிட்டார் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

தந்தி உயரத்தை 17-ஆம் ஃப்ரெட்டின் மேல்புறத்திலிருந்து தந்தியின் அடிப்புறம்வரை அளக்கவேண்டும். ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று வைத்துத் தொடங்கலாம். அதிகம் வளைந்த பலகைக்கு 2.8-உம் 2.4-உம். பலமாக அடித்து வாசிப்பவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் உயரம் வேண்டியிருக்கும்.

தந்தி ஃப்ரெட்டில் உரசும் சத்தம் எங்கே வருகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் கழுத்து மிக நேராக இருக்கிறது அல்லது பின்னால் வளைந்திருக்கிறது, ராடைத் தளர்த்துங்கள். வெறும் தந்தியில் மட்டும் என்றால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. 12-க்கு மேலே என்றால் முதலில் சேடிலை உயர்த்திப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஆம்பில் கேட்காத, காதில் மட்டும் விழும் மெல்லிய உரசலுக்காகத் தந்தியை உயர்த்தாதீர்கள். விரலுக்குத்தான் தண்டனை.

இன்டொனேஷன்: 12-ஆம் ஃப்ரெட் மேல் லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக வரவேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு, அதாவது கழுத்திலிருந்து தள்ளி நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் வெறும் தந்தியின் சுருதியைச் சேர்த்துவிட்டே அடுத்த அளவு. ஈ தந்தியின் 41.2 ஹெர்ட்ஸைச் சில ட்யூனர்கள் பிடிக்கத் திணறும். டோனைக் குறைத்துக் கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்தால் முள் நிலைக்கும்.

பிக்கப் உயரத்துக்குக் கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் 2.5 மி.மீ. விட்டுத் தொடங்குங்கள். நெருக்கினால் சத்தம் கூடும். ஆனால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்வரம் அலையும். திருகாணியைத் தளர்த்தியும் ஜே பிக்கப் மேலே வரவில்லை என்றால் அடியிலுள்ள நுரை மட்கிப்போயிருக்கும். அடர்த்தியான நுரைத் துண்டு ஒன்று வெட்டி வைத்தால் வேலை முடிந்தது.

கடலோர ஊர்களில் மழைக்காலத்திலும், கருவி ஏசி அறைக்கும் வெளிக்கும் மாறிமாறிப் போகும்போதும் கழுத்து நகரும். பருவம் மாறும்போது குழிவை ஒருமுறை அளந்தால் போதும். தினமும் ராடைத் தொடவேண்டாம்.

தந்திதான் மலிவான மாற்றம்

வழக்கமான செட் 45, 65, 85, 105. இந்த எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. நிக்கல் ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) எல்லாவற்றுக்கும் பொது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும், ஃப்ரெட்டை விரைவாகத் தேய்க்கும். வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு மேல்பூச்சுள்ள தந்தி விலைக்கு ஏற்ற ஆயுள் தரும். மற்றவர்களுக்கு வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் அடிப்புறமும் சேர்த்துத் துடைப்பதே போதும்.

பழைய திரைப்பாடல்களின் உருண்டையான, சட்டென்று அடங்கும் பேஸ் ஒலி வேண்டுமா? பிக்கப் தேட வேண்டாம். ஃப்ளாட்வூண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்தி போட்டு, பிரிட்ஜ் அருகே தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு நுரையைச் செருகி, டோனைப் பாதியாகக் குறையுங்கள். அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரெசிஷன் பேஸில் வாசித்தது ஃப்ளாட்வூண்டில்தான். பிரிட்ஜ் மூடிக்கடியில் நுரை, தந்தியை அறுந்தால் ஒழிய மாற்றுவதுமில்லை. பல ஃப்ளாட்வூண்ட் செட்டுகளின் இழுவிசை அதிகம் என்பதால் போட்டபின் குழிவை மறுபடி அளக்கவேண்டும்.

ஹம்மும் உள்வயரிங்கும்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது ஹம்மை ஈக்வலைசரால் வெட்டினால் அந்த ஸ்வரமும் சேர்ந்து போகும். ஹம்மை அது பிறக்குமிடத்திலேயே தடுக்கவேண்டும்.

தந்தியைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜின் எர்த் கம்பி சரியாக இருக்கிறது. தொட்டும் மாற்றமே இல்லை என்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கும். தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கலாம். தொடும்போது விரலில் சுரீரென்றால் உடனே நிறுத்துங்கள். ஆம்பிலோ மேடையின் இணைப்பிலோ எர்த் இல்லை. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை நீக்கி ஹம்மைப் போக்குவது உயிரோடு விளையாடுவது.

ஷீல்டிங்குக்கு ஒட்டும் பக்கமும் மின்சாரம் கடத்தும் காப்பர் ஃபாயில் டேப் வாங்குங்கள். பாட்கள், பிக்கப்புகள் உட்காரும் குழிகளையும் பிக்கார்டின் (உடலின் மேல் உள்ள தகடு) அடிப்புறத்தையும் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, சேருமிடங்களில் ஒரு சொட்டு சால்டர் வைத்து, எல்லாவற்றையும் எர்த்தோடு இணைக்கவேண்டும். மல்டிமீட்டரில் எந்த இரு மூலைகளுக்கு இடையிலும் 1 ஓமுக்குள் காட்டவேண்டும். மூடியதும் சத்தமே வரவில்லை என்றால் ஜாக்கின் முனை ஃபாயிலைத் தொடுகிறது. அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். இந்த வேலை டியூப்லைட், டிம்மர் இரைச்சலைக் குறைக்கும். அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதற்கு மருந்து சற்றுத் தள்ளி நிற்பதோ, ஜே-யின் இரண்டு பிக்கப்புகளையும் முழுதாகத் திறப்பதோதான்.

பாட் மாற்றுவதென்றால் பாசிவ் (பேட்டரி இல்லாத) பி, ஜே இரண்டுக்கும் 250 கிலோ ஓம், டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். வாங்கும் முன் துளையை அளந்துகொள்ளுங்கள். அமெரிக்க அளவு பாட்டுக்குச் சுமார் 9.5 மி.மீ. துளை வேண்டும், ஆசியக் கருவிகள் பலவற்றில் துளை சிறியது, ரீமரால் பெரிதாக்க நேரும். குமிழும் அப்படியே: 6 மி.மீ. தண்டுக்கான குமிழ் 6.35 மி.மீ. தண்டில் ஏறாது. பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 40 வாட்டுக்குக் குறையாத அயர்னால் மூன்று, நான்கு விநாடிகளில் சால்டரை முடிக்கவேண்டும். பலவீனமான அயர்னை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதால்தான் பாட் கருகுகிறது.

ஜே-யில் பிக்கப்பின் சிக்னல் கம்பி வால்யூம் பாட்டின் நடுக்காலுக்குப் போகவேண்டும், வெளிக்காலுக்கு அல்ல. மாற்றி வைத்தால் ஒரு வால்யூமை மூடியதும் மொத்தச் சத்தமும் போய்விடும். புதுப் பிக்கப் போட்டபின் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒலி மெலிந்து வெறுங்கூடாகக் கேட்கிறதா? ஒன்றின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். ஜே பிக்கப் வாங்கும்போது நீளத்தையும் அளங்கள். மூல வடிவத்தில் பிரிட்ஜ் பக்கத்தது சுமார் 3 மி.மீ. நீளம் அதிகம், ஆனால் சில மலிவுக் கருவிகளில் இரண்டும் ஒரே நீளம்.

ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) கருவியில் கேபிளைச் செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வாசிக்காதபோது உருவிவிடுங்கள். பலமாக அடிக்கும் ஸ்வரங்கள் மட்டும் உடைந்து கேட்பது பேட்டரி சாவதன் முதல் அறிகுறி.

மிக்ஸர்வரை, ஸ்பீக்கர்வரை

கச்சேரியிலும் சர்ச்சிலும் பேஸ் பெரும்பாலும் நேராக மிக்ஸருக்குப் போகிறது. அங்கேதான் நல்ல கருவியும் மந்தமாகிறது. மிக்ஸரின் லைன் இன்புட் சுமார் 10 கிலோ ஓம். பாசிவ் பிக்கப்புக்குத் தேவை 1 மெகா ஓம் அளவு. அந்தச் சுமையில் மேல் அலைவரிசைகள் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். ஓர் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) இதைத் தீர்த்துவிடும். மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரிலேயே ஓடும். கிட்டாரிலிருந்து டி.ஐ. வரை கேபிள் 6 மீட்டருக்குள் இருக்கட்டும், அதற்குப் பிறகு எக்ஸ்.எல்.ஆர். (மைக்) கேபிள் எவ்வளவு தூரமும் போகலாம். ஹம் வந்தால் டி.ஐ.யில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். எர்த்தை வெட்ட அனுமதிக்கப்பட்ட இடம் அது ஒன்றுதான். புதிய பிக்கப்புக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் முதலில் இதை வாங்குங்கள்.

மிக்ஸரில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸால் வெட்டி, 200 முதல் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்து, 700 முதல் 800-இல் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்கும்போது மூக்கால் பேசுவதுபோல இருக்கும். குழுவோடு சேரும்போது ஸ்வரம் தெளியும். ஃபோனிலும் லேப்டாப்பிலும் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. அங்கே பேஸ் கேட்பது இந்த நடு அலைவரிசையால்தான்.

வீட்டுக்கு 15 முதல் 25 வாட் ஆம்ப், அல்லது ஹெட்ஃபோன் ஆம்ப். கிட்டாருக்கான ஆம்பில் சத்தமாக பேஸ் வாசித்தால் ஸ்பீக்கரின் கூம்பு அளவுக்கு மேல் அசைந்து கிழியும். டிரம்ஸோடு வாசிக்க 200 முதல் 300 வாட் வேண்டும். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல்தான் என்பதால் 100-க்கும் 150-க்கும் நடுவே பணத்தை வீணாக்கவேண்டாம். 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். ஆம்பின் பின்னால் அச்சிட்ட குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகாதீர்கள். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் இடையே ஸ்பீக்கர் கேபிள்தான், கிட்டார் கேபிள் அல்ல. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மெல்லிய கிட்டார் கேபிள் சூடாகி ஆம்பையும் கெடுக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் என்றால் பின்பலகையில் 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கிறதா என்று செருகும் முன் பாருங்கள். அப்படியானால் அது இழுக்கும் மின்சார வாட்டைவிடப் பெரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 120, 230 மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை 230-க்குத் தள்ளி, ஃபியூஸின் அளவையும் அந்த வோல்ட்டுக்கு எழுதியிருப்பதுபோல மாற்றிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.